ஜெமினிட் பதிவு: நட்சத்திரம் தெரியுது, எரிநட்சத்திரம் சிக்கமாட்டேங்குது (குடியாத்தம் – பலமனேர் – ஆலங்காயம்)

#1 குடியாத்தம்_மாடி

வணக்கம். 2026 டிசம்பர் 13, 14 ஜெமினிட் எரிநட்சத்திரப் பொழிவு இரவுகளுக்காக மொட்டைமாடியில் கேமரா பொருத்தியாச்சு. ஐ.எம்.எக்ஸ்.291 சென்சார் உள்ள ஐ.பி. கேமரா போர்டு, 3.6 மி.மீ. எஃப்/0.95 லென்ஸ், ராஸ்பெரி பை 4 குட்டிக் கணினியில் எரிநட்சத்திரத்தைத் தானே கண்டுபிடிக்கிற ஆர்.எம்.எஸ். மென்பொருள். ஷட்டரை ‘ஸ்லோ’வில் அரை நொடிக்கு வெச்சா வானம் அருமையா வருது, கார்த்திகைக் கூட்டம் தனித்தனிப் புள்ளியாவே தெரியுது. ஆனா மூணு ராத்திரி ஓடியும், வெறுங்கண்ணுக்குப் பளிச்சுன்னு தெரிஞ்சது கூட பதிவில் இல்லை.

இப்போதைய அமைப்பு: ஷட்டர் ஸ்லோ, கெயின் (சென்சார் சிக்னலைப் பெருக்கும் அளவு) ஆட்டோ, 3டி நாய்ஸ் ரிடக்‌ஷன் நடுத்தரம், பிட்ரேட் 1 மெகாபிட், 25 பிரேம். கெயினைக் கூட்டணுமா, இல்லை லென்ஸையே மாத்தணுமா?

#2 ஜவ்வாதுமலை

ரெண்டும் வேண்டாம் தம்பி. கோளாறு ஷட்டர்ல இருக்கு.

ஜெமினிட் நொடிக்கு 35 கி.மீ. வேகத்துல வருது. ஒரு பிரேம் 40 மில்லிநொடி. அதுக்குள்ள அது 1.4 கி.மீ. ஓடிடும். 100 கி.மீ. தூரத்துல குறுக்கா போறதா வெச்சுக்கிட்டா, வானத்துல 0.8 டிகிரி. உங்க லென்ஸுல அகலம் சுமார் 88°, 1280 பிக்சல். ஒரு பிக்சலுக்கு 4.1 ஆர்க்நிமிடம் (60 ஆர்க்நிமிடம் ஒரு டிகிரி). ஆக ஒரே பிரேம்ல கிட்டத்தட்ட 12 பிக்சலைத் தாண்டுது. ஒரு பிக்சல் மேல அதோட வெளிச்சம் விழுற நேரம் மூணரை மில்லிநொடிகூட இல்லை.

ஷட்டரை அரை நொடிக்கு நீட்டினா நட்சத்திரத்துக்கு 12 மடங்கு வெளிச்சம் சேரும், ஏன்னா அது அதே பிக்சல்ல உட்கார்ந்திருக்கு. எரிநட்சத்திரத்துக்கு அதே மூணரை மில்லிநொடிதான். ஆனா பின்னணி வானமும் 12 மடங்கு வெளுத்துடும். நீங்க படத்தை அழகாக்கினீங்க, தேடினதை அதுக்குள்ள புதைச்சிட்டீங்க.

இன்னொண்ணு. ஸ்லோ ஷட்டர்ல கேமரா 25 பிரேம் அனுப்புற மாதிரி காட்டினாலும், ஒரே பிரேமைத்தான் 12 தடவை திரும்பத் திரும்ப அனுப்பும். மென்பொருள் தேடுறது நகர்ற கோட்டை. அசையாம நின்னு சட்டுனு மறையற கோட்டை அது கழிச்சிடும். அதனாலதான் பிரகாசமானதும் வரலை.

1/25-ல பூட்டி வைங்க. ஆட்டோ வேண்டாம்.

#3 பலமனேர்_மேடு

ஜவ்வாது அண்ணா சொன்னதோட சேர்த்து, 3டி நாய்ஸ் ரிடக்‌ஷனை முழுசா அணைங்க. அது முந்தைய பிரேமையும் இந்தப் பிரேமையும் ஒப்பிட்டு, ஒரு பிரேம்ல மட்டும் வர்ற வெளிச்சத்தை இரைச்சல்னு முடிவு கட்டி அழிக்கிற வேலை. எரிநட்சத்திரம் அதோட கண்ணுக்கு இரைச்சல்தான். மங்கலானது போயே போயிடும், பிரகாசமானது பின்னாடி வால் மாதிரி ஒரு பிசிறை இழுத்துட்டு வரும். அந்த வாலை நிஜத் தடம்னு நினைச்சு அளந்தா வேகம் தப்பா வரும்.

டபிள்யூ.டி.ஆர். (இருட்டு-வெளிச்சத்தைச் சமப்படுத்துறது), ஷார்ப்னெஸ், தானியங்கி பகல்-இரவு மாற்றம், திரையில வர்ற தேதி எழுத்து எல்லாத்தையும் நிறுத்துங்க. கலர் வேண்டாம், கறுப்பு-வெள்ளை போதும். பிட்ரேட் 1 மெகாபிட் ரொம்பக் குறைச்சல், எச்.264 சுருக்கம் இருட்டான பகுதியைக் கட்டம் கட்டமா வழிச்சிடும். 4 மெகாபிட்டுக்குக் குறையாம, மாறாத பிட்ரேட்டா வைங்க. கீபிரேம் (சுருக்கத்துல இடையிடையே முழுசா அனுப்புற பிரேம்) வரும்போதெல்லாம் பின்னணி லேசா துடிக்கும். பிட்ரேட் பத்தலைன்னா அந்தத் துடிப்பே பொய்யான கண்டறிதல் ஆகும்.

25 பிரேமை 30-ஆ மாத்தாதீங்க. நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், தெருவிளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்குது. 40 மில்லிநொடியில சரியா நாலு துடிப்பு அடங்கும், எல்லா பிரேமும் ஒரே வெளிச்சம். 30 பிரேம்ல மூணும் கொஞ்சமும் அடங்கும், வானம் முழுக்க அலையடிக்கும்.

#4 கிழக்குவாசல்_சித்தூர்

அமைப்பெல்லாம் சரி பண்ணின பிறகும் ஃபோகஸ் தப்பினா பாதி போச்சு. எஃப்/0.95 லென்ஸுல ஃபோகஸ் ஆழம் என்னன்னு ஒரு தடவை கணக்குப் பாருங்க. இந்த சென்சாரோட பிக்சல் 2.9 மைக்ரான். அதை எஃப் எண்ணால பெருக்கினா, சென்சார் முன்னும் பின்னும் மூணு மைக்ரான்கூட விலகக்கூடாதுன்னு வருது. லென்ஸ் திருகுல ஒரு முழுச் சுற்றுக்கு அரை மி.மீ.; அதாவது ஒரு டிகிரிக்கு 1.4 மைக்ரான். ரெண்டு டிகிரி அசைஞ்சாலே நட்சத்திரம் ஊதிடும். கடிகார நொடிமுள் ஒரு நொடிக்கு நகர்றது ஆறு டிகிரி, அதுல மூணில் ஒரு பங்கு.

அதனால திருகுப் பல் மேல டெஃப்லான் டேப் ரெண்டு சுற்று சுத்துங்க, குழாய் வேலைக்கு வாங்குறதேதான். ஆட்டம் போயிடும், திருப்பும்போது ஒரே சீரா இறுக்கமா வரும். ராத்திரி பத்து மணிக்கு மேல, கேமராக் கூடு (பெட்டி) குளிர்ந்த பிறகு, நடுத்தரப் பிரகாசமுள்ள நட்சத்திரத்தைப் பார்த்துத் திருப்பணும். பிரகாசமானதைப் பார்த்தா ஏமாந்துடுவோம்; அது எப்பவும் பூத்துதான் தெரியும். சரியான இடம் கிடைச்சதும் பூட்டு வளையத்தை இறுக்கி, ஒரு சொட்டு நகப்பூச்சு. பகல்ல அறைக்குள்ள தூரத்துக் கோபுரத்தைப் பார்த்து வெச்ச ஃபோகஸ் ராத்திரி நிக்காது.

லென்ஸ் எம்12, எம்16 ரெண்டு அளவுல வருது. பிடிப்பானும் அதே அளவுதானான்னு பார்த்து வாங்குங்க. போர்டுல அகச்சிவப்பைத் தடுக்கிற வடிகட்டி இருந்தா கழட்டிடுங்க, அதைக் கழட்டினதும் ஃபோகஸ் மாறும், மறுபடியும் வைக்கணும்.

#5 குடியாத்தம்_மாடி

நன்றி அக்கா, அண்ணா. ஷட்டர், நாய்ஸ் ரிடக்‌ஷன் ரெண்டையும் மாத்திட்டேன். நட்சத்திரம் குறைஞ்சுட்டுது, ஆனா அது சரின்னு இப்ப புரியுது.

6 மி.மீ. எஃப்/0.95 லென்ஸ் ஒண்ணும் கையில இருக்கு. துளை பெரிசு, அதனால அதுவே மேலா?

#6 ஜவ்வாதுமலை

எதுக்குன்னு முதல்ல முடிவு பண்ணுங்க.

துளைப் பரப்பு 2.8 மடங்கு கூடுது. நட்சத்திரத்துக்கு ஒரு மேக்னிட்யூடுக்கு (பிரகாசப் படி) மேல லாபம். ஆனா ஒரு பிக்சல் பார்க்கிற வானம் சின்னதாகுது, 4.1-க்கு பதிலா சுமார் 2.5 ஆர்க்நிமிடம், எரிநட்சத்திரம் ஒரு பிரேம்ல 19 பிக்சலைத் தாண்டும், வெளிச்சம் அத்தனையிலயும் பரவும். மிஞ்சுற லாபம் அரை மேக்னிட்யூட் சொச்சம். ஜெமினிட்ல ஒரு மேக்னிட்யூட் மங்கலுக்குப் போனா எண்ணிக்கை ஏறத்தாழ 2.6 மடங்கு கூடும். அரை மேக்னிட்யூடுக்கு 1.7 மடங்கு. இன்னொரு பக்கம் பார்க்கிற வானம் 88×47-லிருந்து 54×30 டிகிரியாச் சுருங்குது, இரண்டரை மடங்கு நஷ்டம். கூட்டிக் கழிச்சா 6 மி.மீ.-ல எண்ணிக்கை மூணில் ரெண்டு பங்குதான் வரும்.

அப்ப எண்ணிக்கைக்கு 3.6. சுற்றுப்பாதை கணக்கிடணும், இன்னொரு ஊரோட சேர்ந்து அளக்கணும்னா 6, ஏன்னா இடத்துல்லியம் அதுல கூடும். ஜெமினிட் கூட்டத்துக்குத் தாய் 3200 பேத்தான், 1983-ல கண்டுபிடிச்சது. வால்நட்சத்திரம் மாதிரி நடந்துக்காத ஒரு சிறுகோள்கிட்டயிருந்து இவ்வளவு தூசு எப்படி வந்ததுன்னு இன்னும் பேசிட்டிருக்காங்க. நல்ல சுற்றுப்பாதை ஒவ்வொண்ணும் அந்தப் பேச்சுக்கு உதவும். என் ஓட்டு 6-க்கு.

காவலூர்ல 2.34 மீட்டர் தொலைநோக்கி இதே மலையிலதான் இருக்கு. இந்த வேலைக்கு அது ஆகாது. ஒரு நேரத்துல அது பார்க்கிற வானம் அத்தனை சின்னது. ஆறு மி.மீ. கண்ணாடிதான் இதுக்கு வேணும்.

#7 வாடெக்_குப்பம்

அனலாக் வீடியோ கேமரா பக்கம் இருந்து ஒரு வார்த்தை. வாடெக் 902எச்2 அல்டிமேட் இன்னும் நல்ல கேமராதான். 2010-ல் கலிபோர்னியாவில் தொடங்கிய கேம்ஸ் எரிநட்சத்திரக் கேமரா வலையமைப்பு அதையே 12 மி.மீ. எஃப்/1.2 லென்ஸோடு பயன்படுத்தியது. கையில் இருப்பவர்கள் தூக்கிப் போட வேண்டாம்.

கவனிக்க வேண்டியது மூன்று. காமா சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பிரகாச அளவு நேர்கோட்டில் வராது. கெயினைக் கையால் வைக்க வேண்டும். டிஜிட்டலாக்கும்போது டீஇன்டர்லேஸ் செய்யக்கூடாது: ஒரு பிரேமில் ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் 20 மில்லிநொடி இடைவெளியில் எடுக்கப்பட்ட இரண்டு தனிப் படங்கள். கலந்துவிட்டால் நேரத்துல்லியம் பாதியாகும். எந்த வரி முதலில் என்பதைத் தலைகீழாக வைத்துவிட்டால் எரிநட்சத்திரம் இரண்டடி முன்னே ஓரடி பின்னே என்று நடுங்கிப் போகும். அந்த நடுக்கத்தைப் பார்த்தவுடன் வரிசையை மாற்றிவிடலாம்.

சிமாஸ் சென்சார் உள்ள ஐ.பி. கேமராவில் இதற்கு இணையான சங்கடம் ரோலிங் ஷட்டர். மேல் வரி முதலில், கீழ் வரி கடைசியில் வாசிக்கப்படுகிறது. செங்குத்தாக விழும் எரிநட்சத்திரம் படத்தில் கீழே இறங்க இறங்க, பிரேம் நேரத்தைவிடச் சில மில்லிநொடி பிந்தியே உண்மையில் பதிவாகிறது. வரி எண்ணைக் கொண்டு திருத்தவில்லை என்றால் கீழ்நோக்கிப் போவதன் வேகம் கூடுதலாகவும் மேல்நோக்கிப் போவதன் வேகம் குறைவாகவும் வரும்.

#8 கிழக்குவாசல்_சித்தூர்

பொய்க் கண்டறிதல் பத்தி யாரும் சொல்லலை. நம்ம தலைக்கு மேலதான் சென்னை–பெங்களூரு விமானப் பாதை. விமானம் விட்டு விட்டுப் புள்ளியாத் தெரியும், பல பத்து நொடி படத்துக்குள்ள இருக்கும். எரிநட்சத்திரம் பெரும்பாலும் அரை நொடிக்குள்ள முடிஞ்சிடும், 25 பிரேமைத் தாண்டுறது அபூர்வம். செயற்கைக்கோள் இன்னும் மெதுவு. வேகத்தை வெச்சே கழிச்சிடலாம்: 100 கி.மீ. தூரத்துல ஜெமினிட் அதிகபட்சம் நொடிக்கு 20 டிகிரி, நவம்பர்ல வர்ற லியோனிட் பொழிவு 40. அதுக்கும் மேல பாய்ஞ்சா வௌவாலோ பூச்சியோ பக்கத்துல போயிருக்கு. மின்மினி வளைஞ்சு வளைஞ்சு போகும், அதை ஒரு தடவை பார்த்தா மறக்காது.

ஆனா இது எல்லாத்தையும்விட கூட்டுக்குள்ள நடக்கிறதுதான் தொந்தரவு. கண்ணாடி கிட்ட இளஞ்சூடு இருந்தா பல்லி வந்து ஒட்டிக்கும். கேபிள் நுழையற துளையை அடைக்காம விட்டா ரெண்டே வாரத்துல குளவி மண்கூடு கட்டிடும், எறும்பு போர்டு மேல முட்டை வெக்கும். ரப்பர் கிளாண்ட் போட்டு, சுத்தி சிலிகான் பசை தடவுங்க. உள்ள சிலிகா ஜெல் ரெண்டு பொட்டலம். கூட்டோட முகப்பு தட்டையான கண்ணாடியா இருக்கணும், குவிமாடம் வேண்டாம். அகச்சிவப்பு எல்.இ.டி. வளையம் இருந்தா வயரையே பிடுங்கிடுங்க, இல்லைன்னா அந்த வெளிச்சம் கண்ணாடியில பட்டுத் திரும்பி படம் முழுக்க வெள்ளைப் புகையா நிக்கும்.

#9 பலமனேர்_மேடு

பனி பத்தியும் சேர்த்துக்கிறேன். கார்த்திகை கடைசி, விடியக்காலை மூணு மணிக்கு மேல கண்ணாடி வேர்க்கும். மேட்டுல இன்னும் மோசம். 68 ஓம், 5 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் ஒண்ணை 12 வோல்ட்ல போட்டா சுமார் 2 வாட் சூடு வரும், கண்ணாடி விளிம்புல அலுமினிய டேப் வெச்சு ஒட்டினா போதும். கண்ணாடி வெளிக்காற்றைவிட ரெண்டு மூணு டிகிரி கூட இருந்தாலே பனி உட்காராது. அதுக்கும் மேல சூடாக்கினா அக்கா சொன்ன ஃபோகஸ் நகரும்.

கேபிள் சுத்தச் செம்பா இருக்கணும். செம்புப் பூச்சுப் போட்ட அலுமினியம் விலை குறைச்சல்தான், ஆனா 12 வோல்ட்டை அதே கேபிள்ல அனுப்பும்போது வழியிலேயே மின்னழுத்தம் விழும். செம்புலயே 20 மீட்டர்ல 0.4 ஆம்பியருக்கு 0.7 வோல்ட் போயிடும். கேமரா சரியா ராத்திரி கெயின் ஏறும்போது மட்டும் ரீஸ்டார்ட் ஆச்சுன்னா, மென்பொருளை நோண்டாதீங்க, கேமரா முனையில மல்டிமீட்டர் வெச்சுப் பாருங்க. பை-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர். போன் சார்ஜர் ஆகாது. வடகிழக்குப் பருவமழை இன்னும் முடியாத மாசம், இடி உண்டு. ஈதர்நெட் முனையில சர்ஜ் தடுப்பான் போடுங்க, பெரிய இடின்னா கேபிளையே கழட்டிடுங்க.

#10 குடியாத்தம்_மாடி

சேமிப்பு எவ்வளவு வேணும்? வீடியோ முழுசா வைக்கணுமா?

#11 ஜவ்வாதுமலை

வேண்டாம். ஆர்.எம்.எஸ். 256 பிரேமை, அதாவது 10.24 நொடியை, ஒரே கோப்பாச் சுருக்குது. ஒவ்வொரு பிக்சலுக்கும் நாலு எண்: அந்தப் பத்து நொடியில அதிகபட்ச வெளிச்சம், அது எத்தனாவது பிரேம்ல வந்தது, சராசரி, திட்ட விலக்கம். எந்த பிரேம்னு தெரியறதால எரிநட்சத்திரம் போன பாதையை பிரேம் பிரேமா மறுபடியும் எடுத்துடலாம். 1280×720-க்கு ஒரு கோப்பு 3.7 மெகாபைட்; 11 மணி நேர இரவுக்கு 3,860 சொச்சம் கோப்பு, 14 ஜி.பி. 128 ஜி.பி. அட்டை ஒரு வாரம் தாங்கும்.

நேரத்தை யூ.டி.சி.-ல (உலகப் பொது நேரம்) வைங்க. நம்ம நேரத்துலயிருந்து ஐந்தரை மணி நேரம் கழிக்கணும். விடியக்காலை 5.30-க்கு முன்னாடி நடந்தது எல்லாம் முந்தின தேதியில விழும், அதுல குழம்பாதீங்க. பை-யோட கடிகாரம் இன்டர்நெட் வழியா ஓயாம சரியாயிட்டே இருக்கணும். ஒரு பிரேம் பிசகினா 1.4 கி.மீ. தப்பு.

#12 பலமனேர்_மேடு

இப்ப இரு முனை விஷயம், அதாவது ஒரே எரிநட்சத்திரத்தை ரெண்டு ஊர்லயிருந்து பிடிச்சு உயரம் கணக்கிடறது. பலமனேரும் ஆலங்காயமும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில, நேர் வடக்கு-தெற்கா, 64 கி.மீ. இடைவெளியில இருக்கு. நல்ல அடிக்கோடு. ரெண்டு பேரும் கோலார் தங்கவயலுக்கு மேல 95 கி.மீ. உயரத்துல ஒரே புள்ளியைப் பார்க்கலாம்னு யோசனை. பலமனேர்லயிருந்து திசைக்கோணம் 242°, உயரக்கோணம் 58°. ஆலங்காயத்துலயிருந்து 305°, 56°. தூரம் 112, 114 கி.மீ. ரெண்டு பார்வைக் கோடும் 33 டிகிரியில வெட்டிக்குது. கிழக்குல வேலூர் வெளிச்சம், அதனால மேற்கு. பெங்களூரு வெளிச்சம் அடிவானத்தோட நின்னுடும், இந்த உயரத்துக்கு ஏறாது.

#13 வாடெக்_குப்பம்

திசை சரி. ஒரு குறை: வெட்டும் கோணம் பார்வைக் கோடுகளுக்கு மட்டுமல்ல, எரிநட்சத்திரப் பாதையோடு சேர்த்து ஒவ்வொரு ஊரும் வரையும் தளங்களுக்குத்தான் கணக்கு. அடிக்கோட்டுக்கு இணையாக வடக்கு-தெற்காகப் போவது இரண்டு தளத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்துவிடும். ஜெமினிட் கதிர்ப்புள்ளி (எல்லாத் தடமும் கிளம்புவதுபோல் தெரியும் இடம்) புனர்பூசத்தில், காஸ்டருக்குப் பக்கத்தில். நம் அட்சரேகையில் இரவு 10 மணிக்குக் கிழக்கில் 29°, நள்ளிரவில் 54°, 2.10-க்கு வடக்கில் 70° உச்சம், 5 மணிக்கு மேற்கே சாய்ந்து 47°. உச்சி நேரத்தில் பாதைகள் வடக்கிலிருந்து தெற்காக வரும். ஆனால் அப்போது செங்குத்தாக இறங்குவதால் கோணம் அதிகம் மெலியாது; தாழ்ந்து வடக்கு-தெற்காகப் போவதற்குத்தான் மெலியும். கிழக்கே குடியாத்தம் மூன்றாம் முனையாகச் சேர்ந்தால் இந்தப் பள்ளம் ஓரளவு நிரம்பும்.

நிலவு தொல்லை இல்லை. டிசம்பர் 9 அமாவாசை. 13 இரவு பத்து மணிக்குள் பிறை மறைந்துவிடும், 14 அன்று இன்னும் முக்கால் மணி கூடுதல்.

நிரந்தரமாக நிறுத்துபவர்களுக்கு: வடக்கே பார்த்தால் சூரியன் படாது என்று ஐரோப்பியக் குறிப்புகளில் படித்துவிட்டு நம்ப வேண்டாம். இங்கே ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் 20 வரை உச்சிவெயிலே வடக்கே சாய்ந்திருக்கும், ஜூனில் உதயமும் வடகிழக்கில். எஃப்/0.95 லென்ஸ் வழியாக விழும் வெயில் சென்சாரைத் தழும்பாக்கும். பகலில் மூடி போடுங்கள்.

#14 குடியாத்தம்_மாடி

மூன்றாம் முனைக்குத் தயார். ஜெமினிட் வரைக்கும் 3.6-ஐ வெச்சு பழகிட்டு, டிசம்பர் முதல் வாரம் 6 மாத்திடறேன்.

ஒரு சந்தேகம். நவம்பர் 18 விடியக்காலை 3.52-க்கு (யூ.டி.சி.-ல 17-ஆம் தேதி 22.22) ஒண்ணு விழுந்திருக்கு. 13 பிரேம், பிரேமுக்கு 11 பிக்சல். என்னன்னு எப்படிச் சொல்றது?

#15 ஜவ்வாதுமலை

பிரேமுக்கு 11 பிக்சல்னா 45 ஆர்க்நிமிடம். நொடிக்கு ஏறக்குறைய 19 டிகிரி. நவம்பர்ல வர்ற இன்னொரு பொழிவான டாரிட் நொடிக்கு 28 கி.மீ.தான், 115 கி.மீ. தூரத்துல அது முழுக் குறுக்கா போனாலும் 14 டிகிரியைத் தாண்டாது. அதைக் கழிச்சிடலாம். லியோனிட் 71 கி.மீ. அது 19 டிகிரியா குறைஞ்சு தெரியணும்னா கதிர்ப்புள்ளியிலயிருந்து 32 டிகிரி தள்ளி இருந்திருக்கணும். தடத்தோட நடுவிலயிருந்து சிம்மத்தோட அரிவாள் வளைவு வரைக்கும் அளந்து பாருங்க. பின்னோக்கி நீட்டின கோடு அந்த வளைவுக்குள்ள போகணும், அதுவும் முக்கியம்.

#16 குடியாத்தம்_மாடி

அளந்தாச்சு அண்ணா. 33 டிகிரி. கோடு மகத்துக்கு வடக்கே, வளைவுக்குள்ளதான் போகுது.

#17 பலமனேர்_மேடு

அந்தப் பத்து நொடி எஃப்.எஃப். கோப்பை அழிக்காதீங்க, அன்னிக்கு எடுத்த நட்சத்திர அளவீட்டுக் கோப்பையும் சேர்த்து வைங்க. 22.22-ல இங்கேயும் ஒண்ணு இருக்கு, படத்தோட இடது ஓரத்துல, ஒன்பது பிரேம். ராத்திரிக்குள்ள ரெண்டையும் பொருத்திப் பார்த்துட்டு உயரம் போடறேன்.